ஒண்ணு புள்ளி மூணு மூணு

அந்த நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டுக்குங்க தம்பி. அங்க வேண்டாம், இங்க, புங்க மரத்துக்குக் கீழ. உள்ள போய் என்ன பண்ணப் போறீங்க? மூணாவது பந்திக்கு இப்பத்தான் மேசை துடைக்கிறாங்க. உங்க அம்மா உள்ளதான் இருக்காங்களா? இருக்கட்டும், இடம் பிடிச்சுக்குவாங்க. நீங்க நிதானமா நாலாவது பந்திக்குப் போகலாம். நானா? நான் சாப்பிடலை. சுகர். காலையிலேயே வீட்டுல ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். கல்யாணத்துக்கு வந்துட்டு வெளியே உட்கார்ந்திருக்கேனேன்னு பாக்காதீங்க, உள்ள ஒரே புழுக்கம். எனக்குப் புழுக்கம் ஆகாது.

மாப்பிள்ளை வீடுதானே நீங்க? பட்டுக்கோட்டை. அப்ப என்னைத் தெரிஞ்சிருக்காது. வாசல்ல நுழையும்போது இடது பக்கம் ஒரு கருப்புக் கல்வெட்டு இருக்கு, பாத்தீங்களா? மேல மாசிலாமணி பேரு. அதான் பொண்ணோட அப்பா, இந்த மண்டபத்துக்கும் அவர்தான் சொந்தக்காரர், துவாக்குடியில இரும்பு ஃபேப்ரிகேஷன் பட்டறை வெச்சிருக்கார். நடுவுல ரிப்பன் வெட்டினவங்க பேரு. கடைசி வரி என்ன? 'உணவுக்கூட இரும்புக் கட்டமைப்பு: பொறியாளர் ச. அருணகிரி'. அது நான்தான். அந்தா தெரியுதே சாப்பாட்டு ஷெட்டு, எட்டு டிரஸ், அதான் கூரையைத் தாங்கற முக்கோண இரும்புச் சட்டம், நடுவுல ஒரு தூண்கூடக் கிடையாது, முன்னூறு பேர் ஒரே நேரத்துல உட்கார்ந்து சாப்பிடலாம். நான் போட்ட கணக்கு. ஏழு வருஷமா நிக்குது. ஏழு வருஷம், தம்பி. ஒரு ஆணி அசையலை.

இருங்க, போன் அடிக்குது.

அவதான். அடிக்கட்டும். காலையிலேர்ந்து இது பதினோராவது தடவை. மெசேஜ் வேற. நான் எடுக்க மாட்டேன். நீங்களே சொல்லுங்க, ஒரு மனுஷன் கல்யாண வீட்டுக்கு வந்திருக்கான், வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு கௌரவமா உட்கார்ந்திருக்கான், அவனை இப்படித் துரத்தித் துரத்தி அடிச்சா?

யாருன்னு கேக்கறீங்களா? ஜெசிந்தான்னு ஒருத்தி. எங்க கட்டட டிசைன் ஆபீஸ்ல வேலை பார்த்தா. பார்த்தா, இப்ப இல்லை. நான்தான் துரத்தினேன். சொல்றதுக்கு எனக்கு என்ன வெட்கம்? எம்.டி. ரூமுக்குப் போய் நின்னுக்கிட்டே சொன்னேன், 'அவ இருந்தா நான் இல்லை சார்.' இருபத்தாறு வருஷம் அந்த ஆபீஸ்ல இருக்கேன். அவ வந்து எட்டு மாசம். எம்.டி.க்குக் கணக்குத் தெரியும்.

மோசமான பொண்ணு இல்லை. அதைச் சொல்லிடறேன், பின்னால என்னைத் தப்பா நினைக்கக்கூடாது. மெதுவாத்தான் பேசும். சார் சார்னுதான் கூப்பிடும். அதுதான் தம்பி எரிச்சல். கத்திப் பேசறவனைக் கத்தி அடக்கிடலாம். மெதுவா பேசற ஆளை என்ன பண்றது? கையில ஒரு நோட்டு, காதுல ஒரு பென்சில், 'சார் ஒரு நிமிஷம்'. அந்த 'சார் ஒரு நிமிஷம்' கேட்டாலே எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வரும்.

உங்களுக்கு இது புரியணும்னா முதல்ல புஸ்தகத்தைப் பத்திச் சொல்லணும். நீங்க என்ன படிச்சிருக்கீங்க? பி.காம்.? நல்லது, கணக்கு வரும்.

நம்ம நாட்டுல இரும்புக் கட்டடத்துக்குன்னு ஒரு சர்க்கார் புஸ்தகம் இருக்கு. கோட்னு சொல்லுவோம். எண்பத்தி நாலுல வந்தது ஒண்ணு, ரெண்டாயிரத்தி ஏழுல வந்தது இன்னொண்ணு. பழசு என்ன சொல்லும்னா, ஒரு இரும்பு நூறு கிலோ வரைக்கும் தாங்கும்னா நீ அறுபதுக்கு மேல ஏத்தாதே. அவ்வளவுதான், ஒரே வரி. ஆனா காத்து அடிக்கிற கணக்குக்கு மட்டும் ஒரு சலுகை. பெருங்காத்து தினமுமா அடிக்குது? எப்பவோ வருது, அஞ்சு நிமிஷம் ஆட்டுது, போயிடுது. அதனால அந்தக் கணக்குல மட்டும் அறுபதை எண்பதா வெச்சுக்கோ. மூணுல ஒரு பங்கு கூட. ஒண்ணு புள்ளி மூணு மூணால பெருக்கு. நான் டிப்ளமோ முடிச்சு வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு முதல்ல கத்துக்கிட்டது இந்த ஒண்ணு புள்ளி மூணு மூணுதான். எங்க ஆளுங்க காத்துச் சலுகைன்னு சொல்லுவாங்க.

புதுப் புஸ்தகம் தலைகீழ். இரும்போட பலத்துல லேசா, ஒண்ணு புள்ளி ஒண்ணால வகுத்து, கொஞ்சம் கழிச்சுக்கும். மிச்சத்தையெல்லாம் பாரத்து மேல ஏத்தும். நூறு கிலோ வரும்னா நூத்தம்பதுன்னு நினைச்சுக்கோங்கும். காத்தும் மத்த பாரமும் மொத்தமா சேர்ந்து வர்ற கணக்குல மட்டும் நூத்தி இருபது போதும்ங்கும். அது இந்தப் புஸ்தகத்தோட சலுகை. ஆக எது எப்படியோ, ரெண்டுலயும் கொஞ்சம் மிச்சம் வெச்சுத்தான் கட்டணும். அந்த மிச்சத்துலதான் தம்பி எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடறது.

இதுல என்ன சண்டைங்கறீங்களா? சொல்றேன்.

என்கிட்ட ஒரு எக்செல் ஷீட் இருக்கு. தொண்ணூத்தெட்டுல ஆரம்பிச்சு நானே கட்டினது. ஷெட்டோட அகலம், நீளம், உயரம், ஊரு, நாலும் போட்டா எந்தச் சைஸ் ஆங்கிள், அதான் 'எல்' எழுத்து மாதிரி மடிச்ச இரும்புக் கம்பி, எத்தனை கிலோ இரும்பு, எல்லாம் பத்து நொடியில வந்து நிக்கும். துவாக்குடியில அதுக்குப் பேரே அருணகிரி ஷீட். நான் வெச்ச பேர் இல்லை, அவங்களா வெச்சது. பென் டிரைவ்ல வந்து வாங்கிட்டுப் போவாங்க. புதுக்கோட்டைக்காரன் வாங்கியிருக்கான், கரூர்க்காரன் வாங்கியிருக்கான், நாமக்கல்லுல கோழிப்பண்ணை போடறவன் பூரா என் ஷீட்தான். தஞ்சாவூர் ரோட்டுல நீங்க பஸ்ல வந்திருப்பீங்களே, ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டு வந்திருந்தா பாதி ஷெட்டு என்னோடதுதான். அத்தனைக்கும் சும்மாதான் குடுத்தேன். கையெழுத்து மாதிரி, முதல் பக்கத்துல என் பேர் இருக்கும், அது போதும்னு விட்டுட்டேன்.

புதுப் புஸ்தகம் வந்தப்புறம் எல்லாரும் முழிச்சாங்க. பெரிய பெரிய ஆபீஸெல்லாம் முழிச்சுது. நான் ஒரு பொங்கல் லீவுல, நாலே நாள்ல, ஷீட்டைப் புதுப் புஸ்தகத்துக்கு மாத்தினேன். வீட்டுல கரும்பு கூடக் கடிக்கலை. பாரத்தை மாத்தினேன், பலத்தை மாத்தினேன், ஷீட் சின்னதா இருக்கட்டும்னு காத்துக் கணக்கு எல்லாத்துக்கும் ஒண்ணு புள்ளி ரெண்டுன்னே போட்டேன். எல்லாம் மாத்தினேன். ஒரே ஒரு வரி. அந்தப் பழைய ஒண்ணு புள்ளி மூணு மூணு, அது ஒரு மூலையில இருந்துடுச்சு. இருந்துட்டுப் போகுது, என்ன இப்ப?

அதைத்தான் அவ பிடிச்சா.

எப்படிப் பிடிச்சான்னு கேளுங்க. போன ஐப்பசியில கீரனூர்ல ஒரு கயிறு குடோன், அதுவும் என் ஷீட்ல போட்டதுதான், கூரை போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை, உள்ள ஈ காக்கா இல்லை. காத்து வந்து அப்படியே அள்ளிப் போட்டுட்டுப் போயிடுச்சு. அறிக்கை குடுக்கணும்னு நான் போனேன், இவளையும் கூட அனுப்பினாங்க. நான் பாத்த உடனே சொல்லிட்டேன், வெல்டிங் சரியில்லை. சின்னையன்னு ஒருத்தன், அவன் வெல்ட் வெச்சது. அவனும் வந்து நின்னான், அழுக்குச் சட்டையோட. 'சார் என் வெல்டு ஒண்ணுகூடப் பிரியலை, நீங்களே பாருங்க சார்'னு ஒவ்வொரு ஜாயிண்டா தொட்டுத் தொட்டுக் காட்டறான். அந்த மாதிரி ஆளுங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நான் கார்ல போய் உட்கார்ந்துட்டேன். இவ மட்டும் அந்த இரும்புக் குவியலுக்குள்ள துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கிட்டு ஏறி இறங்கி ஒரு மணி நேரம்.

வர்ற வழியில, மெதுவா, 'சார், வெல்டு பிரியலை. கீழ்க்கம்பி ஆங்கிள்தான் வளைஞ்சிருக்கு.'

'கீழ விழுந்தா வளையாதா?'

'விழுந்ததுல வளைஞ்சா கோணல்மாணலா வளையும் சார். எல்லா டிரஸ்லயும் ஒரே இடத்துல, ஒரே பக்கமா வளைஞ்சிருக்கு.'

'நீ டிரைவரைப் பாத்துப் போகச் சொல்லும்மா'ன்னேன். டிரைவர் சிரிச்சான். நான் வெல்டிங் கோளாறுன்னுதான் எழுதிக் குடுத்தேன். சின்னையனா? அதுக்கப்புறம் அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடறதில்லைன்னு கேள்வி. திருப்பூர் பக்கம் போயிட்டான்னாங்க. எனக்கு என்ன தெரியும்.

மூணு நாள் கழிச்சு ஆபீஸ்ல, பதினோரு மணி டீ நேரம், எல்லாரும் இருக்காங்க.

'சார், ஒரு நிமிஷம்.'

'சொல்லும்மா.'

'அந்தக் கீரனூர் குடோன் சார். ஷீட்ல கீழ்க்கம்பிக்கு அம்பதுக்கு அம்பது ஆங்கிள் வருது. கையால போட்டா எழுபத்தஞ்சு வருது.'

'கையால போட்டா கை தப்பும்மா.'

'மூணு தடவை போட்டேன் சார்.'

'அப்ப மூணு தடவை தப்பு.'

எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் லேசா சிரிச்சா. சிரிச்சுட்டு நோட்டைத் திறந்தா. அப்பவே நான் எந்திரிச்சுப் போயிருக்கணும்.

'ஷீட்ல ஒரு ஒண்ணு புள்ளி மூணு மூணு இருக்கு. அது எதுக்கு சார்?'

'காத்துக்கு.'

'அது எண்பத்தி நாலுல சார். ஒண்ணு புள்ளி ரெண்டு?'

'அது ரெண்டாயிரத்தி ஏழு.'

'ரெண்டு புஸ்தகத்துலேர்ந்தும் சலுகையை மட்டும் எடுத்திருக்கீங்க சார்.'

பாருங்க. மெதுவாத்தான் சொன்னா. ஆனா அந்த டீக்காரன்கூடக் கெட்டிலைக் கையில பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறான். எனக்கு வாயில ஒரு பேச்சு எப்பவும் தயாரா இருக்கும், அதைச் சொன்னேன். 'ஏம்மா, இரும்புக்குத் தெரியுமா அது எந்தப் புஸ்தகம்னு?' இதுக்கு இருபது வருஷமா யாரும் பதில் சொன்னதில்லை. அவ சொன்னா.

'இரும்புக்குத் தெரியாது சார். அதனாலதான் நாம தெரிஞ்சுக்கணும்.'

அதோட விட்டாளா? கால்குலேட்டரை எடுத்து என் மேசை மேல வெச்சா. 'ஒண்ணு புள்ளி ரெண்டை ஒண்ணு புள்ளி ஒண்ணால பெருக்குங்க சார். ஒண்ணு புள்ளி மூணு ரெண்டு. அதுதான் நம்ம கையில இருக்கற மொத்த மிச்சம். அதை ஒண்ணு புள்ளி மூணு மூணால வகுங்க.' நான் வகுக்கலை. நான் ஏன் வகுக்கணும், நான் என்ன அவகிட்ட டியூஷனுக்கா வந்திருக்கேன்? அவளே வகுத்தா. ஒண்ணுக்குக் கீழ வந்துது. ஒரு மயிரிழை கீழ. திருப்பி என் பக்கம் வெச்சா, 'மிச்சம்னு எதுவுமே இல்லை சார்.'

'நிக்குதேம்மா! அத்தனை ஷெட்டும் நிக்குதே!' கத்திட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

'அந்தப் புஸ்தகம் சொல்ற காத்து இன்னும் வரலை சார்.'

என்ன திமிர் பாத்தீங்களா? அம்பது வருஷத்துல ஒரு தடவை வர்ற காத்துக்குத்தான் கணக்கே போடறது. ஒரு தடவை! அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினா எவன் ஷெட்டு போடறது? தண்டவாளத்தை வெச்சுத்தான் கட்டணும்.

லேசா இருட்டுதுல்ல? மேற்கால பாருங்க. வைகாசி மாசம் அப்படித்தான், மத்தியானம் வரைக்கும் கொளுத்தும், மூணு மணிக்கு இப்படிக் கட்டிக்கிட்டு வரும். ரெண்டு தூறல் போட்டுட்டுப் போயிடும். ஒண்ணும் ஆகாது, உட்காருங்க.

எங்க விட்டேன்? ஆங். அப்புறம் அவ கேட்டது என்ன தெரியுமா? ஷீட்டை வாங்கினவங்க எல்லாருக்கும் ரெண்டு வரி கடுதாசி போடணுமாம். 'இந்த வரியில தப்பு இருக்கு, கட்டின ஷெட்டையெல்லாம் ஒரு தடவை பாத்துக்குங்க'ன்னு. நாப்பத்தி மூணு பேர் பேரை எங்கெங்கயோ விசாரிச்சுப் பட்டியல் போட்டுக் கொண்டுவந்து வெச்சா. 'உங்க பேர் கூட வேண்டாம் சார். பொதுவா ஆபீஸ்லேர்ந்துன்னு போட்டு நானே அனுப்பிடறேன்.'

எனக்கு வந்துது பாருங்க கோபம். 'பேர் இல்லாமப் போட நான் என்ன மொட்டைக் கடுதாசி எழுதறவனா? என் பேர்ல இருக்கற ஷீட்டு, போனா என் பேர்லதான் போகும். அருணகிரி தப்புன்னு எழுத அருணகிரியே கையெழுத்துப் போடணுமா?' பட்டியலை அவ முன்னாலேயே கிழிச்சேன். அவ குனிஞ்சு துண்டு துண்டாப் பொறுக்கிக்கிட்டா. அதுக்கு அடுத்த வாரம்தான் நான் எம்.டி. ரூமுக்குப் போனது.

வேலை போனா வாயை மூடுவான்னு பாத்தா, நேரா மாசிலாமணி பட்டறைக்கே போயிருக்கா! இந்த ஷெட்டுக்காக. எட்டு டிரஸ்லயும் கீழ்க்கம்பிக்கு முதுகோட முதுகா இன்னொரு ஆங்கிள் வெச்சு வெல்ட் அடிச்சா போதும், ஒரு வாரத்து வேலைன்னு படம் போட்டுக் காட்டியிருக்கா. மாசிலாமணி எனக்குப் போன் போட்டான். 'அண்ணே, ஒரு பாப்பா வந்து ஷெட்டு பறக்கும்ங்குதுண்ணே.' நான் சொன்னேன், 'பறந்தா நீயும் ஒரு கம்பியைப் பிடிச்சுக்கடா மாசிலாமணி, ஓசியில காசி வரைக்கும் போயிட்டு வந்துடலாம்.' அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே, போன் அதிர்ந்துது. 'நீங்க சொன்னா சரிண்ணே'ன்னான். அவ நம்பரை பிளாக் பண்ணச் சொன்னதும் நான்தான். பொண்ணு கல்யாணத்தை வெச்சுக்கிட்டு எதுக்கு அபசகுனமா ஒரு பேச்சு?

என்ன சத்தம் அது? தகடா? ஒண்ணுமில்லை, காத்து கூரையில தட்டுது, எல்லா ஷெட்டும் தட்டும்.

இப்ப அவ தஞ்சாவூர்ல ஏதோ ஆபீஸ்ல இருக்கா. தினம் இந்த ரோட்டுல பஸ்ல போறா. காலையில போகும்போது பாத்திருக்கா, உடனே மெசேஜ். இந்தாங்க, நீங்களே படிங்க, எனக்குக் கண்ணாடி இல்லை. படிச்சாச்சா? 'சார், ஷெட்டுக்கு மூணு பக்கமும் அலங்காரத் துணி கட்டி மூடியிருக்காங்க. காத்து உள்ள வந்தா வெளியே போக வழி இல்லை, கூரையைத்தான் தூக்கும். மத்தியானம் இடி மழைன்னு சொல்லியிருக்காங்க. துணியை மட்டுமாவது அவுக்கச் சொல்லுங்க சார்.' துணியை மட்டுமாவதாம்! எனக்குத் தெரியாதா? நான் வந்து இறங்கின உடனே பாத்துட்டேன். அந்த டெக்கரேஷன்காரன், ரோஸ் கலர்லயும் தங்கக் கலர்லயும் மேலேர்ந்து கீழ வரைக்கும் படுதாவை இழுத்துக் கட்டி, ஒரு சாண் இடைவெளி விடலை. எருமை. தெறந்த ஷெட்டுக்குன்னு நான் போட்டது, மூடிக்கிட்டா நான் பொறுப்பா?

சொல்லியிருக்கலாம்தான். யார்கிட்ட சொல்றது? மாசிலாமணி பொண்ணுக்குத் தாரை வார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம் சொல்லலாம்னு பாத்தேன், முதல் பந்தி உட்கார்ந்துட்டாங்க. அப்புறம் ரெண்டாவது. நான் போய், 'மாசிலாமணி, துணியை அவுரு'ன்னா அவன் என்ன கேப்பான்? 'ஏண்ணே'ன்னு கேப்பான். ஏண்ணேன்னா நான் என்னன்னு சொல்றது?

அம்மாடி. கண்ணுல மண்ணு விழுந்துடுச்சு. என்ன காத்துங்க இது.

தம்பி, உங்க அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. சும்மாதான். வெளியே வரச் சொல்லுங்க. காரணமா? மணமேடையில போட்டோ எடுக்கக் கூப்பிடறாங்கன்னு சொல்லுங்களேன். ஏன் உள்ள போறீங்க, போன்லயே சொல்லுங்க. நீங்க உள்ள போக வேண்டாம். போடுங்க.

என்ன சொல்றாங்க?

இலை போட்டாச்சா. இனிப்பு வெச்சுட்டாங்களா. எந்திரிக்க மாட்டேங்கறாங்களா.

ஆமா. மாட்டாங்க. இலையில பரிமாறினப்புறம் எந்திரிச்சா பொண்ணு வீட்டைக் கேவலப்படுத்தின மாதிரி. யாருமே எந்திரிக்க மாட்டாங்க. அதுவும் மாப்பிள்ளையோட சொந்தம். போட்டோன்னு சொன்னா வர மாட்டாங்க. வேற என்ன சொன்னா வருவாங்க?

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? என்ன, நான் என்ன பண்ணேன்? மத்தவங்களா? உங்க அம்மாவை மட்டும்தான் சொன்னேன், மத்தவங்களை நான் எப்படி... முன்னூறு பேர் தம்பி. முன்னூறு பேரை எந்தப் பொய் சொல்லி எழுப்புறது?

கையை விடுங்க. வேட்டி அவுருது, விடுங்க.

சரி. கேட்டுக்குங்க. மறந்து போனது இல்லை அது. மூலையில இருந்துடுச்சுன்னு சொன்னேனே, அது இல்லை. நான் எடுத்தேன். அந்தப் பொங்கலுக்கு, முறையா, அந்த வரியை அழிச்சேன். அழிச்சுட்டு ஷீட்டை ஓட்டிப் பாத்தா ஒவ்வொரு ஷெட்டுக்கும் இரும்பு கூடுது. எம்.டி. பாத்துட்டு, 'என்ன அருணகிரி, புதுப் புஸ்தகத்துல இரும்பு கம்மியாகும்னாங்க, உன்னோடது மட்டும் கூடுது?'ன்னார். எல்லார் முன்னாலயும். எனக்கு முகம் செத்துப் போச்சு. அன்னிக்குச் சாயங்காலம் அந்த ஒண்ணு புள்ளி மூணு மூணைத் திருப்பிப் போட்டேன். இரும்பு இறங்கிடுச்சு. மறுநாள் எம்.டி. தோள்ல தட்டினார். அதுக்கப்புறம்தான் பென் டிரைவோட வர ஆரம்பிச்சாங்க. அருணகிரி ஷீட்ல போட்டா ஷெட்டு லேசா வரும்னு. அந்தப் பேரே அதுல வந்ததுதான் தம்பி.

இது அவளுக்குக்கூடத் தெரியாது. தப்பா விட்டுட்டேன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கா. அவ்வளவு கெட்டிக்காரி, அது தெரியலை பாருங்க.

அங்க பாருங்க, படுதா எப்படி உப்புதுன்னு. உள்ள யாரோ சிரிக்கிறாங்க. துணி உப்பறதைப் பாத்துக் குழந்தைங்க கைதட்டுதுங்க.

நான் போக மாட்டேன். என்னால முடியாது. மாசிலாமணி மூஞ்சிக்கு நேரா நின்னு, அந்தக் கல்வெட்டைத் தாண்டிப் போய்... முடியாது.

போன். அடிக்குது பாருங்க. பன்னெண்டாவது தடவை. இந்தாங்க, நீங்க எடுங்க. பச்சையை இழுங்க, சீக்கிரம். அவ சரியாச் சொல்லுவா. எந்தத் துணியை முதல்ல அறுக்கணும், எந்தப் பக்கமா ஜனத்தை வெளியே ஓட்டணும், எல்லாம் காகிதத்துல எழுதி வெச்சிருப்பா. சனியன், எல்லாம் அவளுக்குத் தெரியும். நாதஸ்வரக்காரர் பக்கத்துல மைக் இருக்கு. அவ சொல்றதை அப்படியே மைக்ல சொல்லிடுங்க. இலையைப் பாக்காதீங்க, மரியாதையைப் பாக்காதீங்க, கத்திச் சொல்லுங்க. ஓடுங்க தம்பி, ஓடுங்க.

தம்பி! ஒரு நிமிஷம்.

யார் சொன்னதுன்னு மாசிலாமணி கேட்டா, மெட்ராஸ்லேர்ந்து யாரோ போன் பண்ணாங்கன்னு சொல்லிடுங்க. இல்லை, அவ பேரையே சொல்லிக்குங்க. என் பேரை மட்டும் சொல்ல வேண்டாம்.